நாகமலையைத் தாண்டினால் ஐந்து சுற்று

டீக்கடையை அவர் டீக்காகத் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததே இல்லை. பெஞ்சு எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்றுதான் பார்ப்பார். உட்கார்ந்தால் மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் முழுவதும் கண்ணில் பட வேண்டும். நடுவில் ஒரு தூணோ தண்ணீர்த் தொட்டியோ மறைத்தால் எழுந்துவிடுவார். வடை எண்ணெயில் சிவந்துகொண்டிருக்கும் கடையை விட்டுவிட்டு, வெந்நீரில் சாயம் கலந்து கொடுக்கும் கடைக்கு என்னை எத்தனையோ முறை கூட்டிப்போயிருக்கிறார். அங்கே பெஞ்சு ரோட்டைப் பார்த்துக் கிடக்கும்.

எங்கள் கம்பெனி கிணற்று மோட்டார் விற்றது. மதுரையில் டெப்போ. கிராமங்களுக்குக் கரண்டு வந்து, மாடு பூட்டிக் கமலை இறைத்தவர்களெல்லாம் பம்புசெட்டுக்கு மாறிக்கொண்டிருந்த எழுபதுகள் அவை. அவர் விற்பனைப் பிரதிநிதி; நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் அவருக்கு உதவியாக, படிப்பு முடித்த கையோடு சேர்ந்தவன். கம்பெனி கொடுத்த மோட்டார் சைக்கிளை அவர் ஓட்ட, நான் பின்னால் உட்காருவேன். எனக்கும் பின்னால் கேரியரில் ஒரு மரப்பெட்டி. விவசாயிகள் கையில் வாங்கிக் கனம் பார்ப்பதற்காக அதில் ஃபுட் வால்வு, இம்பெல்லர், புஷ் என்று பம்புக்குள் போகும் பித்தளைச் சாமான்கள் பதினாறு இருந்தன. புறப்படும்போதும் திரும்பும்போதும் அவற்றை எண்ணுவது என் வேலை. சொல்லாவிட்டாலும் எண்ணியிருப்பேன். எண்ணாமல் எதையும் என்னால் பார்க்க முடியாது.

பித்தளைக்கு ஊர் பேர் கிடையாது, எந்தப் பழைய இரும்புக்கடையிலும் கேள்வி கேட்காமல் போட்டுக்கொள்வார்கள் என்பது அவருடைய பெரிய கவலை. அதனால் பெட்டியை அவர் கட்டுகிற கட்டு ஒரு பூசை போல நடக்கும். முதலில் நூல் கயிறு. அதன்மேல் பழைய சைக்கிள் டியூப்பை நீளமாகக் கிழித்த ரப்பர் வார். அதற்கும் மேலே இரும்புச் சங்கிலி, அதன் முனையில் உள்ளங்கை அகல திண்டுக்கல் பூட்டு. சாவி அவர் இடுப்பில் அரைஞாண் கயிற்றில் கிடக்கும். இத்தனையும் போதாதென்று பெட்டியின் அடியில் ஓர் ஆட்டு மணியையும் தொங்கவிட்டிருந்தார். வண்டி ஓடும்போது மணிக்குள் துணியை அடைத்துவைப்பார். நிறுத்தியதும் துணியை உருவிவிடுவார். எவனாவது பெட்டியைத் தொட்டால் சத்தம் கேட்க வேண்டும். துணியை அடைக்க மறந்த நாட்களில் நாங்கள் ஊருக்குள் நுழைகிற சத்தம் கேட்டு, ஆடு வீடு திரும்பிவிட்டதென்று பெண்கள் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

"கட்டி வச்சாத்தான் தம்பி அது நம்ம சாமான். கட்டாம வச்சா ரோட்டுச் சாமான்" என்பார்.

சித்திரை மாதம் மீனாட்சியம்மன் கோயில் வழியாகப் போனால் உள்ளே போக மாட்டார். கோபுரம் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு, மறு கையால் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அம்மனுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வார். என்ன தெரியும் என்று நான் கேட்டதில்லை.

மேலூரில் எங்கள் மோட்டார்களை விற்றுக்கொடுத்த வியாபாரி ஒருவர் இறந்துபோனார். போகாமல் இருக்க முடியாது. வாசல் பந்தலில் கனமான கால் ஒன்று நட்டிருந்ததைப் பார்த்ததும் இவர் முகம் தெளிந்தது. வண்டியை அதன் பக்கத்தில் நிறுத்தி, சங்கிலியைப் பந்தல்காலோடு சேர்த்துச் சுற்றிப் பூட்டினார். பாடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது வண்டி வழியை மறித்து நின்றது. கொட்டுச் சத்தம் நின்றுபோயிற்று.

"யாரு வண்டிப்பா இது? பெரியவரு கிளம்பிட்டாரு, விடமாட்டேங்குதே" என்று ஒருவர் கேட்டார். அழுதுகொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள்.

அத்தனை பேர் முன்னாலும் இவர் சட்டையைத் தூக்கி அரைஞாணோடு மல்லுக்கட்டினார். முடிச்சு அவிழவில்லை. கடைசியில் இவரே பூட்டுக்குப் பக்கத்தில் இடுப்பைக் கொண்டுபோய், சாவி கயிற்றில் கிடந்தபடியே திறந்தார். நான் கூட்டத்தில் வேறு யாரோ போல ஒதுங்கி நின்றேன். திரும்பும் வழியில், என்ன பேச்சையே காணோம் என்று கேட்டார். எழவு வீட்டில்தான் கூட்டம் ஜாஸ்தி, அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.

நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மஞ்சள் காமாலை வந்து வாடகை அறையில் தனியாகக் கிடந்தபோது, தினமும் விடியும் முன்பே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தூக்குவாளியில் கொண்டுவந்தவர் அவர்தான். நான் தவறான விலை சொல்லிவிட்ட இடத்தில், விலை மாறியது தன் கவனக்குறைவு என்று மேனேஜரிடம் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டார். அவருக்குப் பிள்ளை இல்லை. என்னை யாருக்காவது அறிமுகம் செய்யும்போது என் தம்பி என்றுதான் சொல்வார்.

கிழக்கே ஒத்தக்கடை, மேலூர்ப் பக்கம் போனால் சங்கிலி மூன்று சுற்று. மேற்கே போகிற நாளில் நாகமலை புதுக்கோட்டையில் வண்டியை நிறுத்துவார். சங்கிலியை அவிழ்த்து, திரும்பவும் இழுத்துக் கட்டுவார். ஐந்து சுற்று.

"இனிமே மேக்கத்தி ஊருக தம்பி. அவுகளக் குத்தம் சொல்லல. கை பழகிப்போச்சு, பாவம்" என்பார். அதில் வெறுப்பு இருக்காது. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொல்வார்.

என் ஊர் அந்த மேற்கில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பக்கத்து ஆண்களின் கட்டைவிரல் ரேகையைப் போலீஸ் ஸ்டேஷனில் எடுத்துவைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் அவர்கள் அங்கே போய் முகத்தைக் காட்ட வேண்டும். என் தாத்தாவும் போயிருக்கிறார். அவர் எதையும் எடுத்தவர் அல்ல. அந்த ஊரில் பிறந்தவர், அவ்வளவுதான். நான் பிறப்பதற்கு முன்பே அதெல்லாம் சட்டத்திலிருந்து போய்விட்டது. வாயிலிருந்து போகவில்லை. டி. கல்லுப்பட்டியில் விடுதியில் தங்கிப் படித்தவன் என்பதால், ஊரைக் கேட்டவர்களுக்கெல்லாம் கல்லுப்பட்டி என்று சொல்லிப் பழகியிருந்தேன். அவருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். நாகமலையில் அவர் நான்காவது சுற்றும் ஐந்தாவது சுற்றும் சுற்றும்போது, சங்கிலியின் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொள்வது நான்.

ஒருநாள் பம்புசெட் வேண்டுமென்று டெப்போவுக்கு ஆள் சொல்லி அனுப்பியிருந்த ஒரு விவசாயியைப் பார்க்கப் போனோம். பாதி வழியில்தான் எந்த ஊர் என்று அவர் சொன்னார். அது என் அம்மா பிறந்த ஊர். மோட்டார் கேட்டிருந்தவர் என் தாய்மாமன்.

வண்டிச் சத்தம் கேட்டு மாமா வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், முன்னால் இருந்தவரைப் பார்த்தார், திரும்ப என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, புரிந்துகொண்டார். பிறந்ததிலிருந்து என்னை மாப்ள என்று கூப்பிட்டவர், "வாங்க சார். வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். அத்தை என்னைக் கண்டதும் பேச வாயைத் திறந்தாள். மாமா ஒரு பார்வை பார்த்தார். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வேற்று ஆளுக்குக் கொடுப்பதுபோல எனக்குக் கொடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரர் ஊருக்குள் வந்து சாமானை வைத்தால், அவர் எந்த வீட்டுக்கு வந்தாரோ அந்த வீட்டுக்காரர் அதைத் தன் பொறுப்பு என்று வாயால் சொல்லுவார். சொன்ன பிறகு அதில் ஏதாவது குறைந்தால் அந்த வீடுதான் ஈடு கட்ட வேண்டும். மாமா வேப்பமரத்தைக் காட்டி, "வண்டி அங்ஙனயே நிக்கட்டும் சார். சாமான் எங்காவல்" என்றார்.

அவர் சரிங்க, சரிங்க என்று சொல்லிக்கொண்டே சங்கிலியை எடுத்து மரத்தோடு சேர்த்துச் சுற்றினார். மண்வெட்டியோடு அந்த வழியாகப் போன ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"மரம் எங்கயும் ஓடிறாது சார். எம்புட்டு நாளா இங்ஙனதேன் நிக்கிது" என்றார் அவர்.

இவர் சிரித்தார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, மணியிலிருந்து துணியை உருவினார்.

கிணற்றைப் பார்த்துவிட்டு வந்தோம். ஆழம், தண்ணீர் மட்டம் எல்லாம் அவர் கேட்டார், மாமா சொன்னார். சேவலடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். எங்களை உள்ளே உட்காரவைத்துவிட்டு மாமா வெளியே போனார். வீட்டுக்காரர் சாப்பிட வரவில்லையா என்று இவர் கேட்டார். அவருக்கு வெளியில் சோலி இருக்கிறது என்றாள் அத்தை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வாசல் தெரிந்தது. மரத்தின் நிழல் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில், வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாமா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு கோழி வண்டிப் பக்கம் போனால்கூட விரட்டினார். பூட்டு போட்ட சாமானில் ஒன்று குறைந்தால் ஊரின் பேர் என்னவாகும் என்று எங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அத்தை எனக்குக் கறியை அள்ளி அள்ளி வைத்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே வாசலைப் பார்த்தேன். அவர் ரசித்துச் சாப்பிட்டார்.

நாங்கள் புறப்பட வந்ததும் மாமா எழுந்தார்.

"சார், தொறந்து எண்ணிப் பாத்துக்கங்க" என்றார்.

அவருக்கு உறைக்கவில்லை. இதுவும் ஒரு நல்ல ஏற்பாடுதான் என்பதுபோலச் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். எண்ணுவது என் வேலை. மாமாவின் முன்னால், மண்வெட்டிக்காரர் முன்னால், வாசற்படியில் நின்ற அத்தையின் முன்னால் நான் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். பதினாறும் இருந்தன. "சரியா இருக்கா தம்பி?" என்று மாமா என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன்.

ஊர் எல்லையைத் தாண்டும்போது அவர் சந்தோஷமாகத் தலையைத் திருப்பி, "பரவால்ல தம்பி. இந்த ஊர்லயும் ஒரு நல்ல மனுசன் இருக்கான்யா" என்றார்.

"அவரு எங்க அம்மா கூடப் பொறந்தவருண்ணே" என்றேன்.

காற்றில் கேட்டிருக்காதோ என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கி, கண்மாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். முன்பே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் சொன்னார். மறுபடி ஏறி ஓட்டினார்.

மறுநாள் காலை டெப்போவில் சங்கிலி ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மணியைக் காணோம். பெட்டிக்கு நூல் கயிற்றால் ஒரே ஒரு கட்டு இருந்தது; குழந்தை இழுத்தாலும் அவிழும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் கவனித்துவிட்டு, இனிமேல் இது போதும் என்றார்.

எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு நான் ஒருநாள் லீவு எடுத்தேன். அடுத்த நாள் டெப்போ வாட்ச்மேன் பேச்சுவாக்கில், நேற்று சார் சங்கிலி, பூட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போனாரே என்றார். அதற்குப் பிறகு நான் வராத நாட்களிலெல்லாம் விசாரித்தேன். வராத நாட்களில் சங்கிலி ஆணியில் இருப்பதில்லை.

அவர் எனக்குக் கொடுத்த மரியாதை அது. அதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. டீ குடிக்கும்போது கண் பெட்டியின் பக்கம் ஓடும். என்னைப் பார்த்ததும் திரும்பிவிடும். நானே ஒருநாள் சங்கிலியை எடுத்துவந்து கட்டப் போனேன். வாங்கி வைத்துவிட்டார்.

"எதுக்குத் தம்பி? அதான் நீ இருக்கீல்ல" என்றார்.

கட்டுங்கள் என்று நான் கெஞ்சுவதும், வேண்டாம் என்று அவர் தடுப்பதுமாகப் பல காலைகள் போயின. கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். டீக்கடைகளில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகிக்கொண்டார்.

அப்படி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு முற்பகலில், ஒத்தக்கடையில், பெட்டி போய்விட்டது.

கடையில் வந்து இறங்கியதும் அவர் பெட்டியைத் திறந்து விலைப்பட்டியலை எடுத்தார், நான்தான் மூடினேன். டெப்போவுக்குப் போன் பேச வேண்டும் என்று நான் தபாலாபீசுக்குக் கிளம்பினேன். போகும்போது மனசு கேட்காமல் வண்டியருகே குனிந்து கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போனேன். போன் கிடைக்க நேரமாயிற்று. திரும்பி வந்தபோது கேரியர் காலியாக இருந்தது. கயிறு கீழே கிடந்தது. அவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னதும் கூட்டம் கூடிவிட்டது. டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்து, "இந்தத் தம்பிதேன் வண்டிகிட்டக் குனிஞ்சு என்னமோ பண்ணிக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்தேன்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கயிற்றை இறுக்கினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"பெட்டி இங்க வரும்போதே இல்லண்ணே. வழியில எங்கயோ விழுந்திருச்சு. நாந்தேன் சரியாக் கட்டல" என்றார்.

பொய் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். பெட்டியிலிருந்து எடுத்த விலைப்பட்டியல் மேசைமேல் டீக் கிளாஸுக்கு அடியில் இருந்தது. நான் எதிர்த்துப் பேசும் முன்பே என் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

டெப்போவிலும் அதையே சொன்னார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார். இத்தனை வருடம் பூட்டுக்கு மேல் பூட்டு போட்டவர் பெட்டியை ரோட்டில் விட்டுவிட்டு வந்தார் என்று குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். பித்தளையின் விலையை அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் சுவரோரமாக நின்றேன்.

மறுநாள் டெப்போ எதிரில் இருந்த டீக்கடையில் அவரிடம் சொன்னேன். பெட்டி திருட்டுப் போயிற்று என்று போலீசில் எழுதிக்கொடுப்போம், உங்கள் பேராவது நிற்கும் என்றேன்.

"வேணாம் தம்பி. போலீசுன்னு போனா, கூட இருந்தது யாருன்னு மொதல்ல கேப்பான். அப்புறம் ஊரக் கேப்பான். உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

அவர் சொன்னது உண்மை. அப்படித்தான் நடந்திருக்கும்.

"நான் எடுக்கலண்ணே" என்றேன்.

என் குரலை நானே கேட்டேன். எடுத்தவன்கூட அந்தக் குரலில்தான் சொல்வான்.

"நான் கேட்டனா?"

"கேளுங்க. ஒரு தடவ என்னய வாயால கேளுங்கண்ணே."

"அதெல்லாம் கேக்க மாட்டேன். நீ என் தம்பி" என்றார். இரண்டு டீ சொன்னார். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொன்னார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

அந்தக் கையில் பாசம்தான் இருந்தது. அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. செய்தவனை மன்னித்துவிட்ட பிறகு அவன் தோளில் வைக்கிற கை அது.